கைரேகை ஆளைச் சொல்லும்; உரிமையை யார் சொல்வது?

2023 ஆகஸ்ட்டில் கொழும்பில் இந்தியத் தரப்பிலிருந்து இலங்கை அரசுக்கு ஒரு காசோலை கைமாறியது. தொகை, இந்தியப் பணத்தில் 45 கோடி ரூபாய். இலங்கையில் ஆதார் மாதிரி ஒரு டிஜிட்டல் அடையாளத் திட்டம் கொண்டுவர இந்தியா தரும் நிதியுதவியில் இது 15 சதவீத முன்பணம்.

அதோடு நிற்கவில்லை. 2024 பிப்ரவரி 12 அன்று இலங்கையில் யுபிஐ அறிமுகமானது. அதே ஆண்டு டிசம்பரில் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க டெல்லி வந்தபோது, அடையாளத் திட்டத்தை வேகப்படுத்துவது என இரு நாடுகளும் கூட்டறிக்கையில் சொல்லின. 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி கொழும்பு போனபோது, இந்தியாவில் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் தீர்வுகளைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் கையெழுத்தானது.

பக்கத்து நாட்டோடு உறவு என்றால் முன்பெல்லாம் ரயில் பாதை, துறைமுகம், வீடு கட்டும் திட்டம். இப்போது அந்த வரிசையில் மென்பொருளும் சேர்ந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால், கொழும்புக்குப் போகும் இந்தத் தொழில்நுட்பம் நம்ம ஊரில் எப்படி வேலை செய்கிறது?

அதைத் தெரிந்துகொள்ள டெல்லிக்குப் போக வேண்டாம். சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் கும்மிடிப்பூண்டியே போதும். திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த மூலையில் மூன்று விதமான மனிதர்கள் பக்கத்து பக்கத்தில் வாழ்கிறார்கள். ஊராட்சியில் நூறு நாள் வேலைக்குப் போகும் உள்ளூர்ப் பெண். சிப்காட் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கும் ஒடிசா, பிகார் இளைஞர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளர்ந்த, இன்னும் இந்தியக் குடிமகன் ஆகாத ஒருவர்.

மூன்று பேரும் விரலை வைத்தால் மெஷின் மூன்று பேரையும் அடையாளம் காணும். ஆனால் அதற்குப் பிறகு மூவருக்கும் கிடைப்பது வேறு வேறு. ஏன் என்பதுதான் இங்கே கேள்வி.

ஆதார் உண்மையில் என்ன செய்யுது?

ஆதார் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: "இந்த விரல் இந்த எண்ணுக்குரியவருடையதா?" ஆமாம் அல்லது இல்லை. அவ்வளவுதான்.

அவர் ஏழையா, எந்தத் திட்டத்துக்குத் தகுதியானவர், பணம் ஒதுக்கியாச்சா, அவர் இந்த நாட்டுக் குடிமகனா... எதுவும் ஆதாருக்குத் தெரியாது. கடந்த 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருந்தாலே ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம் என்பதுதான் அடிப்படை விதி. அதனால்தான் அது அடையாளத்துக்குச் சான்று, குடியுரிமைக்குச் சான்று இல்லை.

இந்த வித்தியாசம் கேட்பதற்குச் சின்னதாகத் தெரியலாம். நலத்திட்டங்களில் வரும் பாதிச் சிக்கல் இதைக் கவனிக்காமல் விடுவதால் வருவதுதான். 'யார்' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், மற்ற கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டதாக அரசு அலுவலகங்கள் நினைத்துக்கொள்கின்றன.

நூறு நாள் வேலை: போட்டோ போயிடுச்சு, பணம் எங்கே?

முதலில் உள்ளூர்ப் பெண்ணின் கதை. நூறு நாள் வேலையில் கள்ளக் கணக்கு எழுதுகிறார்கள், வராதவர் பெயரில் கூலி போகிறது என்பது பழைய குற்றச்சாட்டு. அதில் உண்மையும் இருந்தது. அதைத் தடுக்க, மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மே மாதம் ஒரு மொபைல் செயலியை அறிமுகப்படுத்தியது. பெயர், என்எம்எம்எஸ். பணித்தளப் பொறுப்பாளர் ஒரு நாளைக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படம் எடுத்து, இடத்தின் ஜிபிஎஸ் குறியீட்டோடு ஏற்ற வேண்டும். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகளைத் தவிர எல்லாப் பணித்தளங்களிலும் இது கட்டாயம்.

அடுத்த கட்டம், கூலி. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்பது கட்டாயமானது. வங்கிக் கணக்கு எண்ணைப் பார்த்துப் பணம் போகாது. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டதோ, அங்கே போகும். இதற்கு வேலை அட்டை, ஆதார், வங்கி மூன்றிலும் விவரங்கள் ஒத்துப்போக வேண்டும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரு அட்டையில் 'எம். லட்சுமி', இன்னொன்றில் 'லட்சுமி முனுசாமி', வங்கியில் 'லட்சுமி எம்'. தெருவில் யாரைக் கேட்டாலும் அது ஒரே ஆள்தான் என்பார்கள். கணினிக்கு அவர் மூன்று ஆள்.

சரி, எல்லாம் ஒத்துப்போகுதுன்னே வைத்துக்கொள்வோம். படம் ஏறியாச்சு, ஆதார் இணைந்தாச்சு, பெயரும் சரி. பணம் வந்துவிடுமா?

2024 கடைசியில் தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்த்தால் போதும். நவம்பர் இறுதியிலிருந்து கூலி நின்றுபோனது. 2025 ஜனவரியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கியை விடுவிக்கக் கோரி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பாக்கி மாதக்கணக்கில் நீண்டது. அத்தனை நாளும் செயலி வேலை செய்தது, படங்கள் ஏறின, ஆதார் எண்கள் சரியாக இருந்தன. டெல்லியிலிருந்து நிதி மட்டும் வரவில்லை.

தொழிலாளி இரண்டு வேளை படத்தில் நிற்கத் தவறினால் அன்றைய கூலி போச்சு. அரசு மாதக்கணக்கில் தவறினால்? சட்டப்படி தாமதத்துக்கு இழப்பீடு உண்டு. ஆனால் அதைக் கேட்டு வாங்க ஒரு செயலியும் இல்லை. கண்காணிப்பு ஒரு பக்கம் மட்டுமே பார்க்கிறது.

அந்தக் கண்காணிப்பாவது ஒழுங்காக நடந்ததா? 2025 ஜூலையில் அமைச்சகமே மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, செயலியில் சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுவதாகவும், நேரில் எடுக்காமல் ஏற்கெனவே இருக்கும் படத்தையே மறுபடியும் படம்பிடித்து அனுப்புவதாகவும் சொன்னது. தீர்வு? ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆள் வைத்துச் சரிபார்க்க வேண்டுமாம். மனிதரைக் கண்காணிக்க மெஷின் வந்தது. இப்போது மெஷினைக் கண்காணிக்க மனிதர் வர வேண்டியிருக்கிறது.

2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 100 நாள் என்பது 125 நாள் ஆகிறது. செலவில் பெரும்பாலான மாநிலங்கள் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும். பயோமெட்ரிக் சரிபார்ப்பும் டிஜிட்டல் கண்காணிப்பும் இப்போது சட்டத்திலேயே இருக்கின்றன. அதாவது, இந்தக் கேள்விகள் இன்னும் பெரிதாகத்தான் போகின்றன.

சிப்காட் தொழிலாளி: ரேஷன் கூடவே வருமா?

இரண்டாவது ஆள், வெளிமாநிலத் தொழிலாளி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளும் மற்ற தொழிற்சாலைகளும் இவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. இவரது ரேஷன் அட்டை ஊரில், இவர் இங்கே. முன்பு அப்படி என்றால் அரிசிக்கு வெளிச்சந்தை விலைதான் கொடுக்க வேண்டும்.

'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' இதைத்தான் மாற்றியது. 2019இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்தது. 2022 ஜூனில் அசாமும் இணைந்ததும் நாடு முழுக்க வந்துவிட்டது. எந்த ஊர் ரேஷன் கடையிலும் விரல் வைத்து, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தனக்குரிய தானியத்தை வாங்கலாம். இவர் தன் பங்கை இங்கே வாங்க, குடும்பம் மீதியை ஊரில் வாங்கிக்கொள்ளலாம். காகிதத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கவே முடியாது. தொழில்நுட்பம் உண்மையிலேயே கதவைத் திறந்த இடம் இது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? முன்னுரிமை அட்டை என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். தமிழ்நாட்டு அட்டைதாரருக்குக் கிடைக்கும் மலிவு விலைத் துவரம் பருப்பும் பாமாயிலும் இவருக்குக் கிடையாது. அது மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் தன் அட்டைதாரருக்குத் தருவது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஊரில் அட்டையே இல்லாதவர் எதைக் கொண்டுவருவார்? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை இன்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்தே ஓடுகிறது. அதற்குப் பிறகு மக்கள்தொகை கூடியது, ஒதுக்கீடு கூடவில்லை. 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்தும் ரேஷன் அட்டை இல்லாத கோடிக்கணக்கான தொழிலாளர்களுக்கு அட்டை கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்ப உத்தரவிட வேண்டியிருந்தது.

அரசிடம் அவர்களது பெயர் இருக்கிறது. ஆதார் எண் இருக்கிறது. வேலை என்ன என்பதும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: "இவர்களுக்கும் கொடுப்போம்" என்ற முடிவு.

முகாம்: மெஷினுக்குத் தெரியும், சட்டத்துக்கு?

மூன்றாவது ஆளிடம் வருவோம். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகத் தமிழ்நாடு முழுவதும் முகாம்கள் அமைந்தன. கும்மிடிப்பூண்டியிலும் ஒன்று. 2021 ஆகஸ்ட்டில் சட்டப்பேரவையில் அரசு சொன்ன கணக்குப்படி, மாநிலம் முழுக்க 108 முகாம்களில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அப்போதுதான் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனது. 317.40 கோடி ரூபாய்க்குத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அதில் முக்கியமானது. மாதப் பணக்கொடை, குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாய் என உயர்ந்தது.

முகாமில் பலரிடம் ஆதார் இருக்கிறது. மொபைலில் பணம் அனுப்புகிறார்கள். பிள்ளைகள் இங்கேயே படித்துப் பட்டம் வாங்குகிறார்கள். ஆனால் வாக்கு இல்லை, இந்தியப் பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலைக்கு வழியில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மூன்றைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டம் வந்தபோது ஒரு ஆறுதல் கிடைத்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாமல் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு. தண்டனை இல்லை என்றானது, குடியுரிமை கிடைத்ததாகாது.

இங்கே பிறந்தவர்களுக்கு ஒரு தேதிதான் எல்லாம். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பிறப்பாலேயே குடிமகன். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 1987க்கு முன் பிறந்ததை நிரூபித்து, நீதிமன்றம் போய் உரிமை பெற்ற முகாம்வாசி ஒருவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். தம்பி தங்கை சில வருடம் கழித்துப் பிறந்திருந்தால், அதே முகாமில், அதே வீட்டில் அவர்கள் வெளிநாட்டவர். கைரேகை அப்படியேதான் இருக்கிறது. மாறியது பிறந்த தேதி மட்டும்.

இலங்கைப் பக்கமும் கதை சுலபமில்லை. முகாமில் பிறந்த பிள்ளையை இலங்கைக் குடிமகனாகப் பதிவு செய்ய, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாகப் பல காகிதங்கள் வேண்டும். 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஒரு முதியவர் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். காரணம், அந்தக் காலத்தில் முறையான ஆவணம் இல்லாமல் நாட்டை விட்டுப் போனாராம். போர்க்காலத்தில் உயிரைக் காப்பாற்றப் படகேறியவரிடம் பாஸ்போர்ட் முத்திரை கேட்டிருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். இந்தப் பக்கம் ஆதார். அந்தப் பக்கம் இந்தியப் பணத்தில் உருவாகும் இலங்கையின் புதிய டிஜிட்டல் அடையாளம். அதிலும் முகம், கருவிழி, கைரேகை எல்லாம் உண்டு. ஒருநாள் இரண்டு நாட்டு மெஷினும் இவரைத் துல்லியமாக அடையாளம் காணலாம். ஆனால் "இவர் நம்மவர்" என்று எந்த நாடும் சொல்லாமலே போகலாம்.

இது புதிதும் இல்லை. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழர்களில் 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தது. மீதமுள்ள ஒன்றரை லட்சம் பேரின் கதி 1974 வரை காத்திருந்தது. அன்றைக்கு எண்ணுவதற்குத் தொழில்நுட்பம் இல்லாதது பிரச்சினையாக இருக்கவில்லை. எண்ணப்பட்டவர்களிடம் கேட்காததுதான் பிரச்சினை.

இலங்கைக்கு என்ன போகணும்?

இலங்கைத் திட்டத்துக்கு அடித்தளம் பெங்களூரு ஐஐஐடியில் உருவான 'மோசிப்' என்ற திறந்த மென்பொருள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், ஒரே நிறுவனத்தின் பிடியில் சிக்க வேண்டியதில்லை. அது நல்ல ஏற்பாடு.

மென்பொருளோடு அனுபவமும் போக வேண்டும். இலங்கைக்கே அந்தப் பாடம் பாதி தெரியும். 2023இல் அங்கே பழைய 'சமுர்த்தி' உதவித்தொகைக்குப் பதில் 'அஸ்வெசும' திட்டம் வந்தது. பட்டியல் வெளியானதும் தெருவில் போராட்டம், லட்சக்கணக்கில் மேல்முறையீடுகள். ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. யாரை ஏழை என்று சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்பதில்தான் சண்டை. மேல்முறையீடு செய்ய வழி இருந்ததால்தான் விடுபட்டவர்களின் குரல் அரசின் காதுக்கு எட்டியது. அந்த வழி, எந்த ஸ்கேனரையும் விட முக்கியம்.

அப்போ டெக்னாலஜியே வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்ல முடியாது. கள்ளக் கணக்கு நிஜம். இடைத்தரகர் கமிஷன் நிஜம். விரல் வைத்தால் அரிசி கிடைக்கும் என்பது ஒரு பிகார் இளைஞருக்குப் பெரிய விடுதலை. பழைய காகித முறை எல்லோருக்கும் நியாயமாக இருந்தது என்று சொன்னால் அது பொய்.

ஆனால் கைரேகை தேயும். செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வேலை பார்த்த கையில், பழவேற்காட்டில் வலை இழுத்த கையில் ரேகை சரியாக விழாது. தமிழ்நாடு இதைப் புரிந்துகொண்டு ரேஷன் கடைகளுக்குக் கருவிழிக் கருவி கொண்டுவந்தது. கடைக்கே வர முடியாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2025 ஆகஸ்ட்டில் 'தாயுமானவர்' திட்டம் வந்தது. பொருள் வீட்டுக்கே போகிறது. மெஷின் தோற்கும் இடத்தில் மனிதர் நடந்து போகிறார். நல்ல டிஜிட்டல் திட்டம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

2018 ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது: கைரேகை பொருந்தவில்லை என்பதற்காக யாருக்கும் நலத்திட்டம் மறுக்கப்படக் கூடாது, வேறு வழியில் அடையாளம் காண வேண்டும். இந்த வரி ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் பணித்தளத்திலும் எழுதப்பட வேண்டியது.

ஆகவே, செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று, மெஷின் 'இல்லை' என்றால் பொருளும் கூலியும் நிற்கக் கூடாது. வேறு ஆவணத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்க மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்பது பதில் ஆகாது. நாளைக்கு வருவதென்றால் தினக்கூலிக்காரருக்கு இன்னொரு நாள் கூலி நஷ்டம்.

இரண்டு, தொழிலாளியின் வருகை எப்படி நொடிக்கு நொடி பதிவாகிறதோ, அதேபோல அரசின் தாமதமும் பதிவாகட்டும். எந்தக் கோப்பு, யார் மேசையில், எத்தனை நாள் என்பதை மாவட்டவாரியாகப் பொதுவில் வைக்கட்டும். இழப்பீடு தானாகக் கணக்கில் ஏறட்டும். இதற்கும் மென்பொருள் எழுதலாம். எழுத விருப்பம் இருந்தால் போதும்.

மூன்று, டெல்லியும் கொழும்பும் அடையாளத் தொழில்நுட்பத்தைப் பற்றி ஒரே மேசையில் பேசும்போது, முகாம்களில் இருப்பவர்களின் ஆவணங்களையும் அதே மேசையில் வைக்க வேண்டும். திரும்பிப் போக விரும்புபவருக்குக் கைது பயமில்லாத ஒரு வழி, பிறப்புப் பதிவுக்கு எளிய நடைமுறை. இங்கேயே இருக்க விரும்புபவருக்குக் குடியுரிமைக்கு ஒரு பாதை. 300 கோடி ரூபாய்த் திட்டத்தில் இரு நாடுகளும் உடன்பட முடிகிறது என்றால், இந்த 58 ஆயிரம் பேர் விஷயத்திலும் உடன்பட முடியும்.

ஒரு மனிதர் யார் என்று கண்டுபிடிக்க இப்போது சில நொடி போதும். அவருக்கு என்ன தருவது என்று முடிவெடுக்க நாற்பது ஆண்டு போதவில்லை. அந்தத் தாமதத்துக்கு எந்த சர்வர் மேலும் பழி போட முடியாது.